ஹைவேல மாறின ஸ்பீட் போர்டை மேப்ல நீங்களே மாத்துறது எப்படி

பழைய 80 போர்டைக் கழட்டிட்டு 60 மாட்டியிருப்பாங்க, ஆனா உங்க போன் இன்னும் 80ன்னே சொல்லிட்டு இருக்கும். ஓஸ்மாண்ட், ஆர்கானிக் மேப்ஸ் மாதிரி ஆப் யூஸ் பண்றவங்க இதை நீங்களே சரி பண்ணலாம், ஏன்னா அதுங்களுக்கு டேட்டா வர்றது ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்ல இருந்து, அதை யார் வேணா எடிட் பண்ணலாம். அக்கவுண்ட் ஆரம்பிக்கிறதெல்லாம் சொல்லப் போறதில்ல, மெயில் ஐடி இருந்தா முடிஞ்சுது.

1. ரோட்டுல போகும்போது பிடிக்கிறது

ஓட்டுறவங்க போனைத் தொடக் கூடாது, அவ்வளவுதான். பக்கத்துல யாராவது உக்காந்திருந்தா அவங்ககிட்ட குடுத்துடுங்க. தனியா போறீங்கன்னா மேப்பில்லரி ஆப்பை ஓட விட்டு போனை கண்ணாடில மாட்டிடுங்க, அதுவா வரிசையா போட்டோ எடுக்கும், முகம், நம்பர் பிளேட் எல்லாம் அதுவே மங்கலாக்கிடும். நம்ம ஊர் ஏப்ரல், மே வெயில்ல கண்ணாடி ஓரம் மாட்டின போன் சூடாகி ஆஃப் ஆயிடும், அதனால ஏசி காத்து படுற மாதிரி மாட்டுங்க. ஜிபிஎஸ் உள்ள டேஷ்கேம் இருந்தா எனக்கு அதுதான் பெஸ்ட். வாய்ஸ் ரெக்கார்டிங் பண்ணிக்கிறேன்னு சில பேர் சொல்றாங்க, வீட்டுக்கு வந்து கேட்டா "பாலம் தாண்டி அறுபது"ன்னு இருக்கும், எந்தப் பாலம்?

2. எந்த போர்டு கணக்கு

சிவப்பு வட்டத்துக்குள்ள நம்பர் இருந்தா அது வேக வரம்பு. "விபத்து பகுதி மெதுவாகச் செல்லவும்" போர்டுல நம்பர் கிடையாது, அதை விட்டுடுங்க. நகைக்கடை விளம்பரத்தோட போலீஸ் பேரிகேட்ல 30ன்னு அடிச்சிருக்கும், அது நாளைக்கு வேற இடத்துல நிக்கும், அதையும் விட்டுடுங்க. பாலம் கட்டுற இடத்துல டைவர்ஷனுக்கு வச்ச தற்காலிக போர்டும் அப்படித்தான்.

போர்டே இல்லாத இடத்துல "நாலு வழிச்சாலைதானே, காருக்கு 100 போட்டுடலாம்"னு நிரப்பாதீங்க. அந்த 100 வந்தது 2018 ஏப்ரல்ல மத்திய அரசு போட்ட அறிவிப்புல, எக்ஸ்பிரஸ்வேன்னா 120. அந்த அறிவிப்பையே சென்னை உயர்நீதிமன்றம் 2021ல ரத்து பண்ணிடுச்சு. போதாததுக்கு மாநில அரசு சில ரோட்டுக்கு இன்னும் குறைச்சு வைக்கலாம். நமக்கு எதுக்கு இந்த வம்பு, கண்ணால பாத்த நம்பர் மட்டும் போதும்.

3. ரோட்டை வெட்டுறது

லேப்டாப்ல ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் சைட்டைத் திறந்து எடிட் அழுத்துங்க, ஐடி எடிட்டர் வரும். ஜோசம்னு இன்னொரு எடிட்டர் இருக்கு, அதுல வேலை சீக்கிரம் ஆகும், ஆனா புதுசா வர்றவங்க அதைத் திறந்தா மூடிட்டு ஓடிடுவீங்க, இப்போதைக்கு ஐடியே போதும்.

புதுசா வர்றவங்க முக்கால்வாசிப் பேர் சொதப்புறது இங்கதான். ரோட்டை கிளிக் பண்ணி ஸ்பீட் லிமிட் கட்டத்துல 60ன்னு போட்டு சேவ் பண்ணிடுறாங்க. மேப்ல ரோடு துண்டு துண்டாதான் இருக்கும், நீங்க கிளிக் பண்ண துண்டு எட்டு கிலோமீட்டர் நீளமா இருக்கலாம், போர்டு நிக்கிறது அதோட நடுவுல, இப்ப எட்டு கிலோமீட்டருக்கும் 60 ஆயிடுச்சு.

அதனால முதல்ல போர்டு நிக்கிற இடத்துக்கு நேரா ரோட்டு கோடு மேல டபுள் கிளிக் பண்ணுங்க, ஒரு புள்ளி விழும். அந்தப் புள்ளியை செலக்ட் பண்ணி ரைட் கிளிக், ஸ்ப்ளிட். கீபோர்டுல எக்ஸ் அழுத்தினாலும் வெட்டும். வெட்டினதும் ரெண்டு துண்டும் சேர்ந்தே செலக்ட் ஆகி நிக்கும், அப்படியே நம்பர் அடிச்சா ரெண்டுலயும் ஏறிடும், அதனால காலி இடத்துல ஒரு கிளிக் பண்ணி விடுவிச்சுட்டு, வேணும்ங்கிற துண்டை மட்டும் எடுத்து 60 போடுங்க. யூனிட் கிலோமீட்டர்தானான்னு ஒரு பார்வை.

இன்னொண்ணு, ஹைவேல ஒவ்வொரு சின்னப் பாலத்துக்கும் ரோடு ஏற்கனவே தனித்துண்டா வெட்டியிருக்கும். பாலத்துக்கு முன்னாடி 60, பின்னாடி 60 போட்டு பாலத்தை விட்டுட்டீங்கன்னா அந்த அம்பது மீட்டருக்கு மட்டும் ஆப் பழைய நம்பருக்குத் தாவிட்டு திரும்ப வரும். ஷிஃப்ட் அழுத்திட்டு எல்லாத் துண்டையும் செலக்ட் பண்ணி ஒரே தடவைல போட்டா இந்தத் தொல்லை இல்ல.

எங்க முடிக்கிறதுன்னா, அடுத்த வேக போர்டு வரைக்கும், இல்ல வெள்ளை வட்டத்துல கருப்பு சாய்வுக்கோடு போட்ட போர்டு வரைக்கும், அதுதான் கட்டுப்பாடு முடிஞ்சதுக்கு அடையாளம். நம்ம ஊர்ல தொடங்குற போர்டு இருக்கும், முடியுற போர்டைத் தேடணும்.

4. எந்தப் பக்கம்

தொப்பூர் கணவாயை எடுத்துக்கோங்க. தர்மபுரில இருந்து சேலம் வர்ற பக்கம் இறக்கம், டீசல் மிச்சம்னு லாரிக்காரங்க நியூட்ரல்ல விட்டு வந்து பிரேக் பிடிக்காம மோதுறது அங்க பழைய கதை, அதனால இறக்கத்துல இருக்கிற போர்டும் ஏத்தத்துல இருக்கிற போர்டும் ஒண்ணா இருக்கணும்னு இல்ல. அது நடுவுல மீடியன் உள்ள ரோடு, மேப்ல ரெண்டு தனிக்கோடா இருக்கும், அம்புக்குறி பாத்து சேலம் நோக்கிப் போற கோட்டை எடுத்தா போதும்.

மீடியன் இல்லாத ரெண்டு வழிச்சாலைல ஒரே கோடுதான் இருக்கும். ரெண்டு பக்கமும் வேற வேற நம்பர்னா ஸ்பீட் லிமிட் கட்டத்துக்குப் பதிலா கீழ டேக்ஸ் பகுதில மேக்ஸ்ஸ்பீட் ஃபார்வர்ட் (maxspeed:forward), மேக்ஸ்ஸ்பீட் பேக்வர்ட் (maxspeed:backward)னு ரெண்டு டேக், அதாவது ரெண்டு வரி, தனித்தனியா போடணும். ஃபார்வர்ட்னா நீங்க ஓட்டின திசை இல்ல, அந்தக் கோட்டை முதல்ல வரைஞ்சவர் எந்தப் பக்கம் இழுத்தாரோ அந்தத் திசை. கோட்டை செலக்ட் பண்ணா அது மேலயே சின்ன அம்பு தெரியும், அதைப் பாத்துட்டு போடுங்க.

5. கோடும் ரோடு நம்பரும்

புதுசா தார் போட்டு பெயிண்ட் அடிச்சிருந்தா லேன் எண்ணிக்கையை மட்டும் சரி பண்ணுங்க. ரோட்டுல வரைஞ்ச அம்புக்குறிகளை லேன் வாரியா ஏத்துறது தனிக் கச்சேரி, பழகினதுக்கு அப்புறம் பாத்துக்கலாம்.

ரோடு நம்பர் 2010ல மாறினது, ஆனா பழைய நம்பர் போட்ட போர்டு இன்னும் அங்கங்க நிக்குது. சேலம் கிருஷ்ணகிரி ரோட்டுல 7ன்னு பாத்தா அது இப்ப 44, கொச்சி போற 47 இப்ப 544. பழைய போர்டைப் பாத்து மேப்பை மாத்திடாதீங்க. மஞ்சள் தலை மைல்கல்னா நேஷனல் ஹைவே, பச்சைன்னா ஸ்டேட் ஹைவே.

6. சேவ்

என்ன மாத்தினீங்கன்னு ஒரு வரி எழுதுங்க, "தொப்பூர் இறக்கத்துல புது 60 போர்டு, நேர்ல பாத்தது"ன்னா போதும். கூகுள் மேப்ஸ், ஸ்ட்ரீட் வியூ பாத்து எழுதக் கூடாது, லைசென்ஸ் பிரச்சனை, கண்டுபிடிச்சா உங்க எடிட் மொத்தத்தையும் தூக்கிடுவாங்க.

போர்டே சாஞ்சு கிடக்கு, மரம் மறைக்குதுன்னா அதுக்கு மேப் மருந்தில்ல, 1033 ஹெல்ப்லைனுக்கு போன் பண்ணுங்க, இல்ல ராஜ்மார்க்யாத்ரா ஆப்ல போட்டோவோட புகார் போடுங்க. நேஷனல் ஹைவேக்கு மட்டும்தான் அது.

அப்டேட்: ஒரே போர்டுல காருக்கு 80, லாரிக்கு 60ன்னு இருந்தா என்ன பண்றதுன்னு கமெண்ட்ல கேட்டிருந்தாங்க. சாதா மேக்ஸ்ஸ்பீட்ல, அதாவது ஸ்பீட் லிமிட் கட்டத்துல 80, கீழ டேக்ஸ் பகுதில மேக்ஸ்ஸ்பீட் கோலன் எச்ஜிவி (maxspeed:hgv, எச்ஜிவின்னா லாரி மாதிரி கனரக சரக்கு வண்டி)ன்னு ஒரு வரி சேத்து 60.

இன்னொரு அப்டேட்: ஒருத்தர் மெயின் ரோட்டுக்கு 40 போட்டுட்டார், விசாரிச்சா அது சர்வீஸ் ரோடு போர்டு. பாலம் ஏறுற இடத்துல ரெண்டும் ஒட்டி நிக்கும், போட்டோல கம்பம் எந்த ரோட்டு ஓரத்துல நட்டிருக்குன்னு பாருங்க. அப்புறம் "சேவ் பண்ணிட்டேன், ஆப்ல மாறவே இல்ல"ன்னு கேக்குறவங்களுக்கு: ஓஸ்மாண்ட்ல இறக்கி வச்ச மேப் மாசத்துக்கு ஒரு தடவைதான் புதுசாகும், வந்ததும் திரும்ப டவுன்லோட் பண்ணணும்.