போர்ப் பலகை விளையாட்டு: சிறிய பெட்டியில் தொடங்குங்கள்

இரண்டாம் உலகப் போரின் காலாட்படைச் சண்டையைப் பலகையில் உணர விரும்பினால், 'அட்வான்ஸ்டு ஸ்குவாட் லீடர்' விளையாட்டின் முழுத் தொகுப்பை எடுத்த எடுப்பில் வாங்காதீர்கள். 2004-இல் வெளிவந்த அதன் முதல் 'ஸ்டார்ட்டர் கிட்' என்ற சிறிய தொடக்கப் பெட்டி போதும்.

முழு விளையாட்டுக்குத் தடித்த விதிநூலையும் அடிப்படைத் தொகுதியையும் தனித்தனியே வாங்க வேண்டும். விதிகளைப் படித்து முடிக்கவே வாரக்கணக்காகும். சிறிய பெட்டியிலோ வரைபடம், படைகளைக் குறிக்கும் வில்லைகள், பகடை, சுருக்கமான விதிகள் எல்லாம் ஒன்றாகவே இருக்கின்றன. நாம் தேடும் உண்மைத்தன்மையும் அதில் குறையவில்லை: ஓர் அறுகோணக் கட்டம் போர்க்களத்தில் 40 மீட்டரையும், ஒரு சுற்று ஏறத்தாழ 2 நிமிடத்தையும் குறிக்கும். குண்டுமழையில் மனவுறுதி குலைந்த குழு பின்வாங்கி ஓடுகிறது. அதிகாரி உடன் இருந்தால் விரைவில் தேறுகிறது. இயந்திரத் துப்பாக்கி நடுச்சண்டையில் பழுதாகிறது. என்னைப் பொறுத்தவரை, டாங்கியின் கவசத் தகட்டுத் தடிமனைவிட இந்த மனித அச்சமே போரை நம்பவைக்கிறது.

டாங்கிகளே வேண்டும் என்பவர்களுக்கு இது பொருந்தாது. அவர்கள் இதே வரிசையின் மூன்றாவது பெட்டியைப் பார்க்கலாம். மறைந்திருந்து தாக்கும் விதிகளை விரும்புபவர்களுக்கு முழுத் தொகுப்புதான் வழி.