பக்கத்துத் தோட்டம் சைட் ஆகும்போது

பக்கத்துத் தோட்டத்தை சைட்டுக்கு, அதாவது வீட்டுமனை போட, விற்றுவிட்டால் முதலில் தென்னைக்குத் தண்ணீர் விடுவதை நிறுத்துவார்கள். ஓலை தொங்கி, குரும்பை கொட்டி, மூன்று மாதமாக யாரும் காய் போட வராத தோப்பு என்றால் அது கைமாறிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஒரு நாள் ஜேசிபி வரும். கிளுவை வேலி ஒரே காலையில் போய்விடும். வெள்ளையடித்த கல் வரிசையாக முளைக்கும். அதற்குப் பிறகு எதைக் கேட்டாலும் "பிளான் அப்ரூவல் ஆயிருச்சுங்க" என்பதுதான் பதில். தென்னை வாடுவதற்கும் கல் நடுவதற்கும் நடுவில் கிடைக்கிற சில மாதங்களில் செய்யவேண்டியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் தோட்டம் கோவையில், வடவள்ளிக்கு மேற்கே, தொண்டாமுத்தூர் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. 2 ஏக்கர் 30 சென்ட். 2011-ல் மாநகராட்சி 72 வார்டிலிருந்து 100 வார்டாக விரிந்தபோது வடவள்ளி உள்ளே போனது, நாங்கள் வெளியே நின்றோம். இன்று மூன்று பக்கமும் வீடுகள். விற்றவர்களைக் குறை சொல்ல வரவில்லை. என் நாத்தனாரும் விற்றவர்தான், மகள் கல்யாணத்துக்கு. விற்காமல் நடுவில் நிற்பவர்களுக்காக எழுதுகிறேன்.

சந்தேகம் வந்த அன்றே பதிவுத்துறை இணையதளத்தில் பக்கத்து சர்வே எண்ணைப் போட்டு வில்லங்கம் பாருங்கள். பார்ப்பதற்குக் காசு இல்லை. கிரயமோ கிரய ஒப்பந்தமோ பதிவாகியிருந்தால் தெரிந்துவிடும். யாரிடம் பேசவேண்டும் என்பதும் தெரியும்.

அடுத்தது அளவு. உங்கள் புலப்படத்தை, அதாவது சர்வே எண்ணின் அளவு வரைபடத்தை, எடுத்து வைத்துக்கொண்டு எஃப் லைன் அளவைக்கு (சர்வேயர் வந்து எல்லையை அளந்து காட்டுவது) மனுப் போடுங்கள். இப்போது ஆன்லைனிலும் போடலாம். சர்வேயர் வருகிற நாளில் பக்கத்து நிலத்துக்காரரும் நிற்கவேண்டும். பழைய பட்டாதாரர் பெயரில் நிலம் இருக்கும்போதே அளப்பது நல்லது. நாற்பது வருடம் ஒரே வரப்பில் மாடு மேய்த்தவர் அரை அடிக்குச் சண்டை போடமாட்டார். சதுர அடிக் கணக்கில் விற்க வாங்கியவருக்கு அரை அடியும் காசுதான். 1 சென்ட் என்பது 435.6 சதுர அடி. நூறு அடி நீள வரப்பில் அரை அடி நகர்ந்தால் 50 சதுர அடி போச்சு. வீட்டில் பழைய படம் இருந்து அதில் எண்கள் பெரிதாகத் தெரிந்தால் பயப்படாதீர்கள், அது லிங்க்ஸ் கணக்கு. 100 லிங்க்ஸ் என்றால் 66 அடி.

இனி தடம், அதாவது தோட்டத்துக்குப் போக வர வழி. இதில்தான் நான் ஏமாந்தேன், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

உங்கள் தோட்டத்துக்குப் போகிற இட்டேரி, அதாவது இரண்டு வேலிக்கும் நடுவில் போகிற வண்டித்தடம், யாருடையது? வருவாய்த்துறை நிலக் கணக்கான 'அ' பதிவேட்டில் புறம்போக்கு என்று இருந்தால் கவலை பாதி குறைந்தது. பட்டா நிலத்துக்குள் ஓடுகிற தடம் என்றால் உங்கள் தாய்ப்பத்திரத்தைத் தேடுங்கள். "வண்டி வாகனங்கள் போக வர மாமூல் தடப் பாத்தியம்" (வழக்கமாகப் போய்வரும் வழியுரிமை) என்கிற மாதிரி ஒரு வரி நம் பக்கத்துப் பத்திரங்களில் கடைசிப் பக்கத்தில் ஒளிந்திருக்கும். அதை நகலெடுத்து, வாங்கியவருக்கும் மனை அனுமதி தருகிற நகர் ஊரமைப்பு அலுவலகத்துக்கும் ஒப்புகை அட்டையுடன் அனுப்புங்கள். அனுமதி வருவதற்கு முன்னால் அனுப்பவேண்டும், அதுதான் முக்கியம். பத்திரத்தில் வரி இல்லையென்றாலும், 20 வருடம் தடையில்லாமல், உரிமையாக நடந்த வழிக்கு 1882-ம் வருடத்து வசதியுரிமைச் சட்டத்தில் இடம் உண்டு. ஆனால் அது கோர்ட்டுக்குப் போகிற வழி. முடிந்தவரை பேசி முடியுங்கள்.

லேஅவுட் வரைபடத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவில் ரோடுகளை உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிடவேண்டும். அதற்குப் பிறகு அது பொது ரோடு. உங்கள் வேலியில் வந்து முட்டினால் நீங்களும் போகலாம். இது தெரிந்துதான் சிலர் ரோட்டை வேலிக்கு ஓர் அடி முன்னால் முடித்துவிடுகிறார்கள். எங்களுக்கு வடக்கே நடந்தது அதுதான். வரைபடத்தில் ரோட்டின் முனையில் இரட்டைக் கோடு இருந்தது. அச்சுப்பிழை என்று நினைத்தேன். அந்த இரண்டு கோட்டுக்கும் நடுவில் இருந்தது 1 அடி அகலம், 30 அடி நீளம், மொத்தம் 30 சதுர அடி, சைட் போட்ட புரோமோட்டர் பெயரிலேயே. தார் ரோடு எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் பளபளவென்று கிடக்கிறது. போர்வெல் வண்டி இன்னமும் பழைய இட்டேரியில் இரண்டு பக்கமும் உரசிக்கொண்டுதான் வருகிறது. ஆகவே ரோட்டின் முனையை விரல் வைத்துப் பாருங்கள். "இந்தக் கோடு என்னங்க?" என்று கேட்டுவிடுங்கள்.

பழைய 'பஞ்சாயத்து அப்ரூவல்' சைட்டாக, அதாவது நகர் ஊரமைப்பு அனுமதி இல்லாமல் பஞ்சாயத்து மட்டும் ஒப்புக்கொண்டதாக, இருந்தால் கதையே வேறு. அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்யக்கூடாது என்று சென்னை உயர்நீதிமன்றம் 2016 செப்டம்பரில் சொன்னது. 2017-ல் வந்த வரன்முறை விதிகள் 20.10.2016-க்கு முந்தைய மனைகளுக்கு வழி விட்டன. அப்படிப்பட்ட இடத்தில் ரோடு உள்ளாட்சிக்குக் கொடுக்கப்பட்டதா என்று தனியாகப் பார்க்கவேண்டும். நம்பிக்கையில் வண்டியை விடாதீர்கள்.

தண்ணீர் விஷயம் ஐப்பசி வந்தால்தான் தெரியும், அப்போது நேரம் கடந்திருக்கும். சைட் போடுகிறவர்கள் கிராவல் கொட்டி இரண்டு அடி உயர்த்துவார்கள். உங்கள் தோட்டம் குழியாகிவிடும். மேட்டிலிருந்து வருகிற பள்ளம், அதாவது மழைத் தண்ணீர் ஓடுகிற ஓடை, புலப்படத்தில் எங்கே வருகிறது என்று பார்த்து, கோடையிலேயே அதன் வழியே நடந்து போனில் படம் எடுத்து வையுங்கள். 10,000 சதுர மீட்டருக்கு மேல் லேஅவுட் போட்டால், ரோடு நீக்கி 10 சதவீதம் பொது இடமாக விடவேண்டும். அந்தப் பூங்கா இடத்தை உங்கள் வேலி ஓரமாக வைக்கச் சொல்லிக் கேளுங்கள். எங்களுக்கு மேற்கே கேட்டோம், வைத்தார்கள். அந்தப் பக்கம் மட்டும்தான் யார் வீட்டுச் செப்டிக் டேங்கும் எங்கள் கிணற்றை ஒட்டி இல்லை.

வீடுகள் வந்தபிறகு பழைய பண்ணயம் ஓடாது. நாங்கள் தக்காளியும் சின்ன வெங்காயமும்தான் போட்டோம். மருந்தடித்தால் மாடியிலிருந்து சத்தம், இரவு மோட்டார் ஓடினால் சத்தம். ஒரு போகம் பார்த்துவிட்டுக் கீரைக்கு மாறினேன். 40 சென்ட் போதும். வாரம் ஒரு தடவை நாலு பாத்தி சிறுகீரை விதைத்தால் 25 நாளில் பிடுங்கலாம், பாத்தி காலியாவதும் நிரம்புவதும் ஓடிக்கொண்டே இருக்கும். அரைக்கீரையை வேரோடு எடுக்காதீர்கள், அறுக்க அறுக்கத் தழையும். பூச்சிக்கு 5 கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து இரவு ஊறவைத்து, வடிகட்டி 100 லிட்டராக்கிக் கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்து, சாயங்காலம் அடியுங்கள். வாசனை வரும், கேட்டால் வேப்பெண்ணெய் மாதிரி என்று சொல்லலாம். மயிலுக்கு எதுவும் செய்ய முடியாது; தேசியப் பறவை, கை வைத்தால் கேஸ். விதைத்த பாத்திமேல் பழைய வலையை விரித்து வையுங்கள்.

எப்போதாவது விற்க நேர்ந்தால், விவசாய நிலத்துக்கு வரி கிடையாது என்று யாராவது சொல்வதை அப்படியே நம்பவேண்டாம். பத்து லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள மாநகராட்சி என்றால், அதன் எல்லையிலிருந்து நேர்கோட்டில் 8 கிலோமீட்டருக்குள் இருக்கிற விவசாய நிலம் அந்த விலக்கில் வராது. ஆடிட்டரைப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் வாங்குங்கள்.

கீரை விற்க உழவர் சந்தை வரை போகவேண்டியதில்லை. காலையில் ஆறு மணிக்குக் கதவைத் திறந்து கட்டுகளை ஈரச்சாக்கில் வைத்தால் எட்டு மணிக்குள் தீர்ந்துவிடுகிறது. முன்பு மோட்டார் சத்தத்துக்குப் புகார் சொன்ன மாடிவீட்டு அம்மாதான் இப்போது முதலில் வருகிறார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் பத்து மணி வரை திறந்து வையுங்கள். அன்றைக்குத்தான் எல்லார் வீட்டிலும் கீரை ஆய ஆள் இருக்கும்.