புதிய கல்வியாண்டில் அச்சமற்ற வகுப்பறையை அமைக்க ஆசிரியருக்கு வேண்டிய பண்புகள்

ஒரு வகுப்பு அந்த ஆண்டு முழுவதும் எப்படி நடக்கும் என்பது, பாடத்திட்டத்தைவிட, முதல் வாரங்களில் ஒரு பிள்ளை தவறான விடை சொல்லும்போது ஆசிரியர் நடந்துகொள்ளும் விதத்தில்தான் பெருமளவு முடிவாகிறது. விடை சொன்னவர் ஒருவர்தான் என்றாலும் வகுப்பிலுள்ள அனைவரும் அந்தக் கணத்தைக் கவனிக்கிறார்கள். இங்கே தவறலாமா, தவறினால் என்ன ஆகும் என்பதை அவர்கள் அப்போதே கணித்துக்கொள்கிறார்கள். ஆகவே ஆசிரியரிடம் முதலில் இருக்க வேண்டிய பண்பு நிதானம் என்பேன். கனிவும் நகைச்சுவையும் நல்லவைதான். ஆனால் இன்று கனிவும் நாளை கடுகடுப்புமாக இருக்கும் ஆசிரியரைவிட, எந்த நாளிலும் ஒரே மாதிரி நடந்துகொள்ளும் ஆசிரியரிடமே பிள்ளைகள் துணிந்து வாய் திறக்கிறார்கள்.

அந்த நிதானம் எப்படிச் செயலாகிறது என்பதற்கு ஒரு கணக்கையே எடுத்துக்கொள்வோம். அரையோடு மூன்றில் ஒரு பங்கைக் கூட்டச் சொன்னால், "ஐந்தில் இரண்டு" என்று விடை சொல்லும் மாணவர் எந்த வகுப்பிலும் இருப்பார். "தப்பு, அடுத்து யார்?" என்று கடந்துவிட்டால் அந்த மாணவர் அடுத்த முறை கை தூக்கத் தயங்குவார். அதற்குப் பதிலாக, "தொகுதியோடு தொகுதியையும் பகுதியோடு பகுதியையும் கூட்டியிருக்கிறாய், அப்படித்தானே? சரி, ஐந்தில் இரண்டு பங்கு அரையைவிடப் பெரியதா, சிறியதா?" என்று கேட்கலாம். சிறியது என்று அவர் சொன்னதும், "அரையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்த பிறகு அரையைவிடக் குறையுமா?" என்று மறுபடி கேட்டால், தவறு எங்கே என்பதை அவரே கண்டுபிடித்துவிடுவார். இங்கே ஆசிரியர் தவற்றைச் சரி என்று சொல்லவும் இல்லை, மழுப்பவும் இல்லை. அந்த விடைக்குப் பின்னால் ஒரு யோசனை இருந்தது என்பதை மட்டும் மதித்தார். விடையைக் கேட்டு வேறு பிள்ளைகள் சிரித்தால், அந்த இடத்திலேயே, குரலை உயர்த்தாமல், அதை நிறுத்திவிட வேண்டும். முதல் முறை கண்டும் காணாமல் விட்ட கேலி இரண்டாம் வாரத்தில் வழக்கமாகிவிடும்.

கேள்வி கேட்டபின் காத்திருக்கும் பொறுமையும் இதோடு சேர்ந்ததுதான். அமெரிக்கக் கல்வியாளர் மேரி பட் ரோ 1970களில் வெளியிட்ட ஆய்வுகளில், ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் பெரும்பாலும் ஒரு நொடி அளவுக்கே காத்திருக்கிறார்கள் என்றும், அதை 3 நொடிகளுக்கு மேல் நீட்டினால் விடைகள் விரிவாகின்றன, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசத் தொடங்குகிறார்கள் என்றும் காட்டினார். மூன்று நொடி மௌனம் வகுப்பின் முன் நிற்பவருக்கு மிக நீளமாகத் தோன்றும். மனத்துக்குள் எண்ணிப் பழகினால் சில நாட்களில் கைவந்துவிடும். விடை வந்த பிறகும் அதேபோல் சற்று நிறுத்துங்கள், ஏனெனில் பல பிள்ளைகள் தாங்கள் சொன்னதை அந்த இடைவெளியில்தான் திருத்திக்கொள்கிறார்கள்.

அடுத்தது, முன்முடிவு இல்லாத பார்வை. ஆண்டுத் தொடக்கத்தில் ஆசிரியர் அறையில் பழைய ஆண்டின் தீர்ப்புகள் கைமாறுகின்றன: இவன் சேட்டைக்காரன், அவளுக்குக் கணக்கு ஏறாது. அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் ரோசென்தாலும் பள்ளி முதல்வர் லெனோர் ஜேகப்சனும் 1968இல் வெளியிட்ட ஆய்வில், குலுக்கல் முறையில் எடுத்த சில பிள்ளைகளை விரைவில் நன்கு வளரப்போகிறவர்கள் என்று ஆசிரியர்களிடம் சொன்னபோது, கீழ்வகுப்புகளில் அந்தப் பிள்ளைகள் அறிவுத்திறன் தேர்வில் மற்றவர்களைவிடக் கூடுதலாக முன்னேறியதாகத் தெரிவித்தார்கள். அந்த விளைவு எவ்வளவு பெரியது என்பதில் பின்னர் கடும் விவாதம் எழுந்தது. ஆயினும் ஆசிரியரின் எதிர்பார்ப்பு அவருடைய நடத்தையில் கசியும் என்பதை வகுப்பறையில் நின்ற யாரும் மறுக்கமாட்டார்கள். நம்பிக்கை வைத்த பிள்ளைக்கு நாம் குறிப்பு கொடுத்துக் காத்திருக்கிறோம். நம்பிக்கை இல்லாத பிள்ளையிடமிருந்து கேள்வியை வேறொருவருக்கு மாற்றிவிடுகிறோம். உடல்நலம், பார்வை, கேட்கும் திறன், குடும்பச் சூழல் பற்றிய தகவல்களை முதல் நாளே கேட்டறியுங்கள். குணத்தைப் பற்றிய கருத்துகளைச் சில வாரம் கழித்துக் கேட்டாலும் நட்டமில்லை.

பெயர்களை முதல் வாரத்துக்குள், சரியான உச்சரிப்போடு, கற்றுக்கொள்ளுங்கள். வருகைப்பதிவின்போது ஒவ்வொரு பெயருக்கும் தலை நிமிர்ந்து அந்த முகத்தைப் பார்ப்பதே இதற்கு எளிய வழி.

நியாயம் என்ற பண்பைப் பிள்ளைகள் மிகத் துல்லியமாக அளக்கிறார்கள். விதிகள் குறைவாக இருக்கட்டும், ஒவ்வொன்றுக்கும் காரணம் சொல்லப்படட்டும். நன்றாகப் படிக்கும் மாணவர் மீறினாலும் அதே விளைவுதான் என்பதை அவர்கள் கண்ணால் காண வேண்டும். ஜேக்கப் கூனின் என்ற அமெரிக்க உளவியலாளர் வகுப்பறைகளை ஒளிப்பதிவு செய்து ஆராய்ந்து 1970இல் வெளியிட்ட முடிவு இங்கே பயன்படும்: ஒழுங்காக நடக்கும் வகுப்பும் தடுமாறும் வகுப்பும் வேறுபட்டது, தவறு நடந்தபின் ஆசிரியர் கண்டித்த விதத்தில் அல்ல, வகுப்பு முழுவதிலும் கண் வைத்திருந்து தொய்வில்லாமல் பாடத்தை நகர்த்தியதில். எனவே உள்ளே வருவது, நோட்டுகளை ஒப்படைப்பது, கழிவறைக்கு அனுமதி கேட்பது, வேலையை முதலில் முடித்தவர் என்ன செய்வது ஆகியவற்றைத் தொடக்க நாட்களிலேயே சொல்லிக்கொடுத்து, செய்து பழக வையுங்கள். இதற்குச் செலவாகும் நேரம் பாடத்திலிருந்து திருடியது என்று நினைக்க வேண்டாம்.

கண்டிக்க நேர்ந்தால் தனியாகக் கண்டியுங்கள். மேசைக்கு அருகே சென்று தாழ்ந்த குரலில் சொன்ன ஒரு சொல்லை ஏற்றுக்கொள்ளும் மாணவர், அதையே எல்லோர் முன்னிலையிலும் கேட்டால் மானத்தைக் காத்துக்கொள்ள எதிர்த்துப் பேசுவார். "ஏன் இப்படிச் செய்தாய்?" என்பதைவிட "என்ன நடந்தது?" என்பது நல்ல கேள்வி, முன்னதற்குப் பிள்ளையிடம் சாக்குதான் இருக்கும், பின்னதற்குச் சொல்ல ஒரு செய்தி இருக்கலாம். தினமும் தாமதமாக வருபவர் தம்பி தங்கையைக் கிளப்பிவிட்டு வருகிறவராக இருக்கக்கூடும் என்பதைக் கேட்காமல் அறிய வழியில்லை.

பெற்றோருடன் முதல் பேச்சு புகாராக அமையக் கூடாது. சிக்கல் எதுவும் எழுவதற்கு முன்பே, பிள்ளை நன்றாகச் செய்த ஒன்றைக் குறிப்பிட்டு இரண்டு வரி எழுதி அனுப்பினால், பின்னர் கடினமான செய்தியைச் சொல்ல நேரும்போது அவர்கள் உங்களை நம்பிக் கேட்பார்கள்.

முதல் மாதம் முடியும்போது, வருகைப்பதிவேட்டைப் பார்க்காமல் மாணவர் பெயர்களையெல்லாம் நினைவிலிருந்து எழுதிப் பாருங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, பாடத்துக்கு வெளியே அந்தப் பிள்ளையைப் பற்றித் தெரிந்த ஒன்றைக் குறியுங்கள். கடைசியில் நினைவுக்கு வந்த பெயர்களும், எதிரே வெற்றிடமாக நின்ற பெயர்களும் பெரும்பாலும் தொல்லை தராத, அமைதியான பிள்ளைகளுடையவையாக இருக்கும். மறுநாள் காலை முதலில் பேச வேண்டியது அவர்களிடம்தான்.