செப்சிஸ் திரவ ஆய்வுகளைப் படிப்பது எப்படி: தாளின் நடுவில் ஒரு கோடு போடுங்கள்

செப்சிஸ் (தொற்றுக்கு உடம்பு காட்டும் எதிர்வினையே உறுப்புகளைக் கெடுக்கும் நிலை) முற்றிய நோயாளிக்கு எந்தத் திரவம், எவ்வளவு, எந்த நேரத்தில் ஏற்றுவது? இருபது வருடங்களுக்கு மேலாக இதற்குப் பெரிய பெரிய ஆய்வுகள் நடந்திருக்கின்றன. ஒன்று உயிர் காக்கும் என்கிறது, அடுத்தது வித்தியாசமே இல்லை என்கிறது, இன்னொன்று அதே திரவத்தால் சாவு கூடியது என்கிறது. ஐசியூ வேலைக்கு நடுவில் இளம் டாக்டர்களோடு உட்கார்ந்து இந்தக் கட்டுரைகளைப் படிப்பதும் என் பொறுப்பு. பெரும்பாலானவர்கள் நேரே முடிவுரைக்குப் போவார்கள், பி மதிப்பை (வித்தியாசம் தற்செயலா என்று காட்டும் எண்) பார்ப்பார்கள், "மேடம், இது நெகட்டிவ் ட்ரையல்", அதாவது பலன் தெரியாத ஆய்வு என்று மூடி வைத்துவிடுவார்கள். அப்படிப் படித்தால் இந்த ஆய்வுகள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்வது மட்டும்தான் தெரியும், ஏன் முட்டுகின்றன என்று தெரியாது. நான் படிக்கும் முறை இதுதான்.

ஒரு வெள்ளைத் தாளை எடுத்து நடுவில் மேலிருந்து கீழாக ஒரு கோடு போடுங்கள். நோயாளி எந்தக் குழுவுக்குப் போகிறார் என்று குலுக்கலில் முடிவான நேரம் அந்தக் கோடு. அதற்கு முன்பே அவர் உடம்புக்குள் போய்விட்ட திரவத்தை இடது பக்கம் எழுதுங்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு குழுவுக்கும் போனதை வலது பக்கம் எழுதுங்கள். இந்த எண்கள் சுருக்கத்தில் கிடைப்பது அபூர்வம். நோயாளிகளின் அடிப்படை விவரம் இருக்கும் முதல் அட்டவணையிலோ, தனியாகப் போட்டிருக்கும் பிற்சேர்க்கையிலோதான் தேட வேண்டும். சலிப்பான வேலைதான், ஆனால் விவாதத்தில் பாதி அங்கேதான் இருக்கிறது.

முதலில் அமெரிக்க டாக்டர் ரிவர்ஸின் குழு 2001-ல் வெளியிட்ட ஆய்வை எடுங்கள். டெட்ராய்ட்டில் ஒரே ஆஸ்பத்திரி, 263 நோயாளிகள். முதல் 6 மணி நேரத்தில் ஒரு குழுவுக்கு சுமார் 5 லிட்டர், மற்றதற்கு சுமார் 3.5 லிட்டர். ஆஸ்பத்திரியில் நடந்த இறப்பு 46.5 சதவீதத்திலிருந்து 30.5 ஆகக் குறைந்தது. நிறையத் திரவம் கொடுத்ததால் பிழைத்தார்கள் என்று பலர் இதைப் படித்தார்கள். ஆனால் வலது பக்கத்தை 72 மணி நேரம் வரை நீட்டிப் பாருங்கள். இரண்டு குழுவுக்குமே மொத்தம் 13 லிட்டருக்கு மேல், ஏறக்குறைய சமம். வித்தியாசம் அளவில் இல்லை, எப்போது கொடுத்தார்கள் என்பதில் இருந்தது. அதோடு ரத்தம், டோபுடமின் (இதயத் துடிப்பை வலுவாக்கும் மருந்து), மையச் சிரையில் ஆக்சிஜன் அளவு பார்ப்பது என்று ஒரு முழுப் பொட்டலமே கூட வந்தது. எது வேலை செய்தது என்று அந்த ஒரு ஆய்வை வைத்துப் பிரித்துச் சொல்ல வழியில்லை.

2014, 2015-ல் அதே முறையைப் பெரிய அளவில் சோதித்த புராசஸ், அரைஸ், புராமிஸ் மூன்றிலும் பலன் தெரியவில்லை. "அப்போ ரிவர்ஸ் தப்பா?" என்று ஒவ்வொரு வருடமும் யாராவது கேட்பார்கள். தாளின் இடது பக்கத்தைப் பார்க்கச் சொல்வேன். அரைஸில் குலுக்கலுக்கு முன்பே சராசரியாக 2.5 லிட்டர் போயிருந்தது, புராசஸில் 2 லிட்டருக்கு மேல். ஒப்பிடப்பட்ட 'வழக்கமான சிகிச்சை'யே 2001-ல் இருந்தது போல இல்லை, சீக்கிரம் கண்டுபிடித்து சீக்கிரம் ஆரம்பிக்கும் பழக்கம் அதற்குள் வந்துவிட்டது. அரைஸின் வழக்கமான சிகிச்சைக் குழுவில் 90 நாள் இறப்பு 18.8 சதவீதம்தான். 46.5-க்குப் பக்கத்தில் அதை வைத்தாலே இவர்கள் வேறு நோயாளிகள் என்று தெரிந்துவிடும். அந்த மூன்று ஆய்வுகளும் விதிமுறைப் பொட்டலம் தேவையா என்பதற்குத்தான் பதில் சொல்கின்றன, முதல் லிட்டர் தேவையா என்பதற்கு இல்லை.

திரவத்தைக் குறைத்துப் பார்த்த ஆய்வுகளும் இப்படித்தான். 2022-ல் வந்த கிளாசிக் ஆய்வில், குலுக்கலுக்கு முந்தைய 24 மணி நேரத்தில் இரண்டு குழுவுக்கும் சுமார் 3 லிட்டர் போயிருந்தது. 90 நாள் இறப்பு திரவம் குறைத்த குழுவில் 42.3 சதவீதம், மற்றதில் 42.1. மறு வருடம் வந்த குளோவர்ஸில் சுமார் 2 லிட்டர் போன பிறகுதான் குலுக்கல். இறப்பு குறைத்த குழுவில் 14.0, மற்றதில் 14.9. ஆக இரண்டும் சொல்வது, ஆரம்ப லிட்டர்கள் போன பிறகு கொஞ்சம் கூட்டினாலும் குறைத்தாலும் சராசரியில் பெரிய மாற்றம் தெரியவில்லை என்பதைத்தான். "திரவமே வேண்டாம்" என்பதற்கு இவற்றைச் சாட்சிக்குக் கூப்பிடாதீர்கள்.

இடது பக்கம் கிட்டத்தட்ட காலியாக இருந்த ஆய்வு ஒன்று உண்டு, அதை நிதானமாகப் படியுங்கள். 2011-ல் வந்த ஃபீஸ்ட். உகாண்டா, கென்யா, தான்சானியாவில் காய்ச்சலோடு ரத்த ஓட்டம் குறைந்து வந்த 3,000-க்கும் மேற்பட்ட குழந்தைகள். ஒரு குழுவுக்கு அல்புமின் (ரத்தப் புரதக் கரைசல்) வேகமாக ஏற்றினார்கள், ஒன்றுக்கு சலைன் (உப்புநீர்), மூன்றாவதற்கு வேகமாக எதுவும் ஏற்றவில்லை. 48 மணி நேரத்தில் இறந்தவர்கள் 10.6, 10.5, 7.3 சதவீதம். வேகமாக ஏற்றப்படாத குழந்தைகள்தான் அதிகம் பிழைத்தார்கள். இதைப் படித்து முடித்ததும் யாராக இருந்தாலும் கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார வேண்டியிருக்கும்.

உடனே வந்த மறுப்புகள் என்ன? பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு மலேரியா, மூன்றில் ஒருவருக்குக் கடுமையான ரத்தசோகை, வென்டிலேட்டர் வசதி இல்லை. எல்லாம் நியாயமான பேச்சு. ஆனால் மறுப்பைச் சொன்னதோடு நிறுத்தக் கூடாது, அது சரியாக இருந்தால் தரவில் என்ன தெரிய வேண்டும் என்று கேட்க வேண்டும். வென்டிலேட்டர் இல்லாததுதான் காரணம் என்றால், கூடுதல் சாவுகள் நுரையீரலில் நீர் கோத்து நடந்திருக்க வேண்டும். பிறகு செய்த அலசலில் பெரும்பாலும் இதய ரத்த ஓட்டம் சரிந்துதான் இறந்தார்கள் என்று வந்தது. மலேரியா, ரத்தசோகை இல்லாத குழந்தைகளிலும் பாதிப்பு அதே திசையில்தான் இருந்தது. 2017-ல் ஜாம்பியாவில் பெரியவர்களிடம் நடந்த ஆய்விலும் இதே மாதிரி. 6 மணி நேரத்தில் சராசரியாக 3.5 லிட்டர் போன குழுவில் இறப்பு 48.1 சதவீதம், 2 லிட்டர் போன குழுவில் 33.0. அங்கே பத்தில் ஒன்பது பேருக்கு எச்.ஐ.வி. இருந்தது, அதை மறக்கக் கூடாது. நம் நோயாளி அவர்களைப் போன்றவரா என்பதை ஒவ்வொரு முறையும் எழுதி வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

அடுத்து ஸ்டார்ச் (மாவுச்சத்திலிருந்து செய்து ரத்தக்குழாயில் ஏற்றும் திரவம்) பற்றிய சண்டை. இந்தத் துறையில் விவாதம் எப்படி நடக்கிறது என்று கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பாடம் கிடையாது. 2012-ல் ஸ்காண்டிநேவிய நாடுகளின் 6எஸ் ஆய்வில் ஸ்டார்ச் ஏற்றியவர்களில் 51 சதவீதமும், ரிங்கர் அசிடேட் என்ற உப்புக் கரைசல் ஏற்றியவர்களில் 43 சதவீதமும் 90 நாளில் இறந்திருந்தார்கள். அதே வருடம் 7,000 பேரை வைத்து நடந்த செஸ்ட் ஆய்வில் 18.0-க்கு 17.0, 'வித்தியாசம் இல்லை'. இரண்டும் மோதுகின்றன என்று எழுதாதவர்கள் குறைவு.

இங்கே இறப்பு அபாய விகிதத்தின் (1-க்கு மேல் என்றால் ஸ்டார்ச் குழுவில் சாவு அதிகம்) நம்பிக்கை இடைவெளிகளை, அதாவது உண்மையான மதிப்பு இருக்கக்கூடிய வரம்புகளை, தாளில் பக்கத்தில் பக்கத்தில் கோடாக வரையுங்கள். 6எஸ்: 1.01 முதல் 1.36 வரை. செஸ்ட்: 0.96 முதல் 1.18 வரை. இரண்டு கோடும் ஒன்றின் மேல் ஒன்று படிகிறது. மோதலே இல்லை. இரண்டும் ஒரே பக்கம் சாய்கின்றன, ஒன்று கொஞ்சம் அழுத்தமாக, மற்றது லேசாக. செஸ்டில் செப்சிஸ் இல்லாதவர்களே பெரும்பான்மை என்பதையும் சேர்த்துப் பாருங்கள். டயாலிசிஸ் தேவைப்பட்டது இரண்டிலும் ஸ்டார்ச் குழுவில்தான் அதிகம்: 6எஸில் 22-க்கு 16, செஸ்டில் 7.0-க்கு 5.8.

காலக்கெடுவையும் பாருங்கள். 6எஸில் 28-வது நாளோடு நிறுத்தியிருந்தால் 39-க்கு 36, உறுதியாக ஒன்றும் சொல்ல முடியாது. 90 நாள் வரை காத்திருந்ததால்தான் தெரிந்தது. ஸ்டார்ச் பக்கம் பேசியவர்கள் மேற்கோள் காட்டிய கிறிஸ்ட்மாஸ் ஆய்வில் மொத்தம் 196 பேர்தான். அதன் முதன்மை அளவீடு, ரத்த ஓட்டம் நிலைப்பட எவ்வளவு திரவம் தேவைப்பட்டது என்பது. ஸ்டார்ச் குழுவுக்கு 330 மில்லி குறைவாகப் போதுமானதாக இருந்தது. நோயாளிக்கு 330 மில்லி மிச்சமானதால் என்ன நன்மை? அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் அளவு பெரிய ஆய்வு அது இல்லை.

எதிர்த்தரப்பின் பலமான வாதத்தையும் நேர்மையாக எடுத்துக்கொள்ள வேண்டும். 6எஸிலும் செஸ்டிலும் பல நோயாளிகள் ஏற்கெனவே நிலைப்பட்டிருந்தார்கள், திரவம் தேவையில்லாதவருக்கு ஸ்டார்ச் கொடுத்துவிட்டு ஸ்டார்ச்சைக் குறை சொல்லலாமா என்று கேட்டார்கள். தாளின் இடது பக்கத்தைச் சரியாகப் படித்த கேள்வி அது. என் பதில்: அன்றாடம் ஐசியூவில் ஸ்டார்ச் அப்படித்தான் ஏற்றப்பட்டுக்கொண்டிருந்தது. தவிர, ரத்த அளவு குறைந்த நோயாளியின் சிறுநீரகத்துக்கு மட்டும் அது தீங்கு செய்யாது என்று காட்ட வேண்டியது அதை விற்க நினைப்பவர்களின் கடமை.

அப்புறம், தொகுப்பாய்வுகளை (பல ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிடும் கட்டுரைகளை) படிக்கும்போது உள்ளே எந்த ஆய்வுகள் இருக்கின்றன என்று பட்டியலைப் பாருங்கள். ஜெர்மனியின் மயக்கவியல் டாக்டர் யோவாக்கிம் போல்ட் எழுதிய நூற்றுக்கும் மேற்பட்ட கட்டுரைகள் 2011 முதல் திரும்பப் பெறப்பட்டன. ஸ்டார்ச் பாதுகாப்பானது என்ற நம்பிக்கைக்கு அவை பெரிய முட்டுக்கொடுத்திருந்தன. 2013-ல் வந்த ஒரு தொகுப்பாய்வில் அவருடைய 7 ஆய்வுகளை நீக்கியதும் இறப்பு அபாய விகிதம் 1.07-லிருந்து 1.09 ஆனது. சின்ன எண்தான், ஆனால் இடைவெளியின் கீழ் முனை 1-ஐத் தாண்டியது. ஐரோப்பிய ஒழுங்குமுறை அமைப்பு 2013-ல் செப்சிஸ் நோயாளிகளுக்கு ஸ்டார்ச் கூடாது என்றது, 2022-ல் விற்பனை அனுமதியையே நிறுத்திவைத்தார்கள்.

அல்புமின் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. சேஃப், அல்பியோஸ் ஆய்வுகள் இரண்டிலும் மொத்தத்தில் இறப்பு மாறவில்லை, துணைக்குழுக்களில் தெரிந்த பலனை இன்னொரு ஆய்வு உறுதிசெய்யும் வரை குறிப்பாக மட்டும் வையுங்கள். சலைனா, சமநிலைத் திரவமா (உப்புகளின் அளவு ரத்தத்துக்கு நெருக்கமாக இருக்கும் ரிங்கர் லாக்டேட் போன்றவை) என்பதில் ஸ்மார்ட் ஆய்வு சமநிலைத் திரவம் பக்கம் கொஞ்சம் சாய்ந்தது, பேசிக்ஸ், பிளஸ் ஆய்வுகள் சாயவில்லை. எனக்கு இதில் பிடிவாதம் இல்லை. தலையில் அடிபடாதவராக இருந்தால் ரிங்கர் லாக்டேட் போடுகிறேன்.

செப்சிஸ் சிகிச்சைக்கான சர்வதேச வழிகாட்டுதல்களையும் இதே கண்ணோடு படிக்கலாம். முதல் 3 மணி நேரத்தில் கிலோவுக்கு 30 மில்லி என்பதை 2016-ல் வலுவான பரிந்துரையாக வைத்தார்கள், 2021-ல் வலுவற்றது என்று இறக்கினார்கள். எண் மாறவில்லை, அதன் பின்னால் இருந்த உறுதி குறைந்தது. யாராவது "இனி குறைவாகத்தான் கொடுக்க வேண்டும்" என்று சொன்னால், குறைத்த இடத்தில் என்ன வைத்தார்கள் என்று கேளுங்கள். குளோவர்ஸில் திரவம் குறைத்த குழுவை சும்மா விட்டுவிடவில்லை, ரத்தக்குழாயைச் சுருக்கும் மருந்தைச் சீக்கிரமே தொடங்கினார்கள், பலருக்குக் கையில் இருந்த சாதாரண ஊசி வழியாகவே. பிபியைப் பக்கத்தில் நின்று பார்க்க ஆள் இல்லாத வார்டில், திரவத்தை மட்டும் குறைத்துவிட்டு அந்த ஆய்வைப் பின்பற்றுகிறோம் என்று சொல்ல முடியாது.