கோட்டையில் இருக்கும் கோத்திக் (இடைக்காலப் பாணி) மரச்சிலை எந்த ஊர்க்காரர்? தேடிப் பிடிக்கும் முறை

வியன்னாவுக்கு வடக்கே உள்ள கிரொய்ட்சென்ஸ்டைன் கோட்டை பார்க்க அசல் இடைக்காலக் கோட்டை மாதிரியே இருக்கும். ஆனால் பழைய கோட்டையை முப்பதாண்டுப் போரில் சுவீடன் படை வெடிவைத்துத் தகர்த்துவிட்டது. இப்போது நிற்பது ஹான்ஸ் வில்செக் பிரபு 1874-ல் கட்டத் தொடங்கியது. ஐரோப்பா முழுக்க வாங்கிய பழைய துண்டுகளை அதில் பதித்தார். ஸ்லோவாக்கியாவின் கோஷிட்சே தேவாலயக் கல்வேலைகூட அங்கே உண்டு. இப்படிப்பட்ட தொகுப்புகளில் கோட்டையின் பெயர் சிலையின் கடைசி முகவரிதான். பிறந்த ஊருக்கு நான் போகும் வழி இது.

1. மரம். லிண்டன் என்றால் பெரும்பாலும் தெற்கு ஜெர்மனி, ஆஸ்திரியா. ஓக் என்றால் நெதர்லாந்துப் பகுதிகள், வட ஜெர்மனி. வண்ணம் மூடியிருந்தால் பீடத்தின் அடியைப் பாருங்கள்.

2. முதுகு. முகத்தை ரசித்துக்கொண்டே நிற்பவர்களுக்கு இந்த வேலை ஓடாது. பலிபீடச் சிலைகளின் முதுகை அந்தக் காலத்திலேயே குடைந்துவிடுவார்கள். நடுமரம் போய்விட்டால் காயும்போது வெடிப்பு குறையும். டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் உளித்தடம் வரிவரியாக எழும். வளைவு வளைவாக ஒரே சீரான கோடுகள் தெரிந்தால் அது வட்டரம்பம்; பின்னாளில் யாரோ அறுத்திருக்கிறார்கள். ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டிய சீட்டுகள், சுண்ணக்கட்டியில் எழுதிய எண்கள் எல்லாவற்றையும் படமெடுங்கள். புற ஊதா விளக்குக்குக் காசு செலவழிக்காதீர்கள். அது பின்னாள் பூச்சைக் காட்டும், ஊரைக் காட்டாது.

3. முத்திரை. ஓக் சிலையில் கை வடிவம் பதிந்திருந்தால் ஆன்ட்வெர்ப், மரச்சுத்தி இருந்தால் பிரசல்ஸ். தலை உச்சியையும் பீடத்தையும் விட்டுவிடாதீர்கள். முத்திரை நகரத்தைச் சொல்லும், சிற்பியைச் சொல்லாது.

4. காகிதம். கோட்டையின் சரக்குப் பட்டியலிலிருந்து பின்னோக்கிப் போங்கள். ஆஸ்திரியாவில் 1780-களிலும் ஜெர்மன் நிலங்களில் 1803-லும் மடங்கள் கலைக்கப்பட்டபோது நிறையச் சிலைகள் வெளியே வந்தன. ஹைடெல்பெர்க் பல்கலைக்கழகம் இணையத்தில் ஏற்றியிருக்கும் பழைய ஏலப் பட்டியல்கள்தான் என் முதல் தேர்வு. சிற்பி பெயரை வைத்துத் தேடாதீர்கள். ரீமன்ஷ்னைடர் போன்ற புகழ்பெற்ற சிற்பியின் பெயரை ஒட்டினால் விலை ஏறும் என்பது வியாபாரிகளுக்குத் தெரியும். உயரத்தை வைத்துத் தேடுங்கள், பீடத்தோடும் பீடம் இல்லாமலும். புனிதர் பெயரும் நம்பகமில்லை. கோபுரம் புனித பார்பராவின் அடையாளம், சக்கரம் புனித கத்தரீனின் அடையாளம். கை உடைந்து புதுக் கை வைத்தபோது கோபுரத்துக்குப் பதில் சக்கரம் கொடுத்திருந்தால் பார்பரா கத்தரீன் ஆகிவிடுவார். நாஜி ஆட்சிக் காலமான 1933 முதல் 1945 வரை தடயம் அறுந்திருந்தால், அப்போது பறிபோன கலைப்பொருள்களைப் பதிவு செய்யும் லாஸ்ட் ஆர்ட் தரவுத்தளத்தையும் பாருங்கள்.

பிற்சேர்க்கை: மரவளைய ஆய்வு (மரத்தின் ஆண்டு வளையங்களை ஒப்பிட்டுக் காலம் கணிப்பது) செய்தால் போதாதா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். ஓக்கில் நன்றாக வரும். லிண்டனில் பெரும்பாலும் வராது. ஓக்கிலும் அது சொல்வது மரம் வளர்ந்த இடத்தை. பால்டிக் கடற்கரைப் பகுதி ஓக் கப்பலேறி நெதர்லாந்துப் பட்டறைகளுக்குப் போனது. அறிக்கையில் ‘பால்டிக்’ என்று இருந்தால் சிலையை உடனே அந்தக் கரையின் கணக்கில் எழுதிவிடாதீர்கள். முதலில் முத்திரையைத் தேடுங்கள்.