பிஐடிபி-11-க்கு ஒரு நிஜ டெர்மினல்: யுஎஸ்பி வழியாக

விளக்குகள் மினுங்குவதை எவ்வளவு நேரம்தான் பார்த்துக்கொண்டிருப்பது? பிஐடிபி-11 என்பது ஆஸ்கர் வெர்மியூலன் உருவாக்கிய கிட். டெக் நிறுவனம் 1975-இல் வெளியிட்ட பிடிபி-11/70 என்ற மினி கணினியின் முகப்புப் பலகையைப் பத்துக்கு ஆறு என்ற அளவில் சுருக்கிய நகல். பின்புறம் ஒரு ராஸ்பெரி பை (சின்னக் கணினி, இனி வெறும் 'பை'), அதில் அந்தப் பழைய கணினியைப் போல நடிக்கும் சிம்எச் எமுலேட்டர், அதற்குள் 2.11 பிஎஸ்டி என்ற பழைய யூனிக்ஸ். எல்லாம் சரி, ஆனால் இவ்வளவையும் பூட்டிவிட்டு மடிக்கணினியில் ஒரு ஜன்னலைத் திறந்து லாகின் செய்வது எனக்கு ஒட்டவே இல்லை. என்னிடம் டெக் நிறுவனத்தின் விடி220 டெர்மினல் (திரையும் விசைப்பலகையும் மட்டும் உள்ள கருவி) ஒன்று இருக்கிறது, ஆம்பர் திரை. அதை இதோடு பேச வைக்கும் வழியைத்தான் இங்கே எழுதுகிறேன். கட்டளைகளை ஒலிப்படி தமிழில் தந்திருக்கிறேன், அடிக்கும்போது ஆங்கில எழுத்துகளில் அடித்துக்கொள்ளுங்கள்.

பையில் வெளிச் சாதனங்களை இணைக்கும் ஜிபிஐஓ பின்கள் இருக்கும்போது யுஎஸ்பி எதற்கு என்று கேட்கலாம். அந்தப் பின்களில் பெரும்பாலானவற்றை முகப்பின் விளக்குகளும் சுவிட்சுகளும் எடுத்துக்கொண்டுவிட்டன. தவிர, அவை 3.3 வோல்ட் பின்கள். அதைவிட அதிக வோல்ட்டில் ஓடும் ஆர்எஸ்-232 என்ற சீரியல் முறையில் பேசும் பழைய டெர்மினலின் கம்பியை நேராக அதில் செருகினால் பை போய்விடும்.

அடாப்டர் வாங்கும்போதும் இதே கவனம் வேண்டும். ரிச்சி தெருவிலோ ஆன்லைனிலோ 'யுஎஸ்பி டு சீரியல்' என்று கேட்டால் இரண்டு விதமாகத் தருவார்கள். வெறும் பின்கள் நீட்டிக்கொண்டிருக்கும் சின்னப் பலகை குறைந்த வோல்ட்டில் பேசும் டிடிஎல் வகை, அது ஆர்டுயினோவுக்கானது. நமக்கு வேண்டியது 9 பின் ஆண் இணைப்பான் உள்ள ஆர்எஸ்-232 வகை. சிப் எஃப்டிடிஐ என்றால் நல்லது, காரணம் பின்னால் வரும்.

கேபிளுக்கு நான் நிறைய இடம் ஒதுக்கப்போகிறேன். இணைப்பு வரவில்லை என்று புலம்புகிறவர்களின் சிக்கல் பெரும்பாலும் இங்கேதான் இருக்கும், சிம்எச்சில் அல்ல. மூன்று கம்பி போதும்: அனுப்ப ஒன்று, வாங்க ஒன்று, கிரவுண்டு ஒன்று. அடாப்டரின் 9 பின் இணைப்பானில் 2 வாங்கும், 3 அனுப்பும், 5 கிரவுண்டு. விடி220-இன் 25 பின் இணைப்பானில் 2 அனுப்பும், 3 வாங்கும், 7 கிரவுண்டு. ஆகவே 2-ஐ 2-க்கும், 3-ஐ 3-க்கும், 5-ஐ 7-க்கும் பற்றவைத்தால் முடிந்தது. எண்கள் நேராக இருந்தாலும் கம்பி உள்ளபடியே குறுக்காகிவிடுகிறது, அதாவது நல் மோடம்: நடுவே மோடம் இல்லாமல் இரு கருவிகளை நேராக இணைப்பது. இரு முனையிலும் பெண் இணைப்பான்கள் வேண்டும். கடையில் கிடைக்கும் 9-25 கேபிள் மோடத்துக்காகச் செய்தது. அதில் 2, 3 மாறியிருக்கும், அது மட்டும் இருந்தால் உதவாது.

குழப்பமாக இருந்தால் மல்டிமீட்டரை எடுங்கள். டெர்மினலை இயக்கிவிட்டு, கருப்பு முனையை 7-இல் வைத்து 2-ஐயும் 3-ஐயும் தொட்டுப் பாருங்கள். சும்மா இருக்கும்போது அனுப்பும் பின் மைனஸ் வோல்ட் காட்டும். மைனஸ் 3-க்கும் 15-க்கும் இடையில் எது வந்தாலும் சரி. வாங்கும் பின் பூச்சியத்தை ஒட்டியே இருக்கும். அடாப்டரிலும், கிரவுண்டு 5 என்று வைத்து, இதையே செய்யுங்கள். பேசும் பின் எது, கேட்கும் பின் எது என்று மீட்டரே சொல்லிவிடும், இணையத்தில் வரைபடம் தேடி அலைய வேண்டாம்.

அடுத்து அடாப்டர் மட்டும் ஒழுங்காக இருக்கிறதா என்ற சோதனை. பையில் செருகி 'டிமெஸ்க்' கொடுத்தால் கடைசி வரிகளில் டிடிஒய்யுஎஸ்பி0 என்ற பெயர் வரும். உங்கள் பயனர் 'டயல்அவுட்' குழுவில் இல்லையென்றால் சேருங்கள். மினிகாம் என்ற சீரியல் நிரலில் அந்தப் போர்ட்டைத் திறந்து, வன்பொருள் ஃப்ளோ கண்ட்ரோலை (எப்போது அனுப்பலாம் என்று தனிக் கம்பிகளால் சொல்லும் ஏற்பாட்டை) அணையுங்கள். இது தொடக்கத்தில் இயங்கிக்கொண்டிருக்கும், மூன்று கம்பிக் கேபிளில் ஓர் எழுத்தையும் வெளியே விடாது. அடாப்டரின் 2-ஐயும் 3-ஐயும் ஒரு ஜம்பர் கம்பியால் சேர்த்துவிட்டுத் தட்டுங்கள். தட்டியது திரையில் திரும்பி வந்தால் அடாப்டர் தேறியது. கம்பியை எடுத்ததும் திரும்பி வருவது நிற்க வேண்டும். நிற்காவிட்டால் நீங்கள் பார்த்தது மினிகாமின் லோக்கல் எக்கோ.

இனி டெர்மினல். எஃப்3 விசையில் செட்-அப் திறக்கும். தகவல் தொடர்புப் பக்கத்தில் வேகம் 9600, ஒரு ஸ்டாப் பிட் (ஒவ்வோர் எழுத்தின் முடிவைக் காட்டுவது), 'டேட்டா லீட்ஸ் ஒன்லி' என்று வையுங்கள். கடைசியாகச் சொன்னது வேறு நிலையில் இருந்தால் மோடம் சமிக்ஞைகளுக்காக டெர்மினல் காத்துக்கொண்டே இருக்கும். முதல் பக்கத்துக்குத் திரும்பி 'சேவ்' கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அணைத்ததும் எல்லாம் போய்விடும்.

தகவல் தொடர்புப் பக்கத்திலேயே 'எக்ஸ்ஆஃப் அட் 64' அல்லது 128 என்று ஒரு தேர்வு உண்டு. 64-ஐ வையுங்கள். வரும் எழுத்துகளை டெர்மினல் ஒரு சிறிய தாங்ககத்தில் (பஃபர்) சேர்த்துவைத்துத் திரையில் எழுதும். 64 எழுத்து சேர்ந்ததும் 'நிறுத்து' என்று கண்ட்ரோல்-எஸ் அனுப்பும். அந்த நாளில் எதிர்முனை இதைக் கேட்டதும் நின்றுவிடும். நம் வழியில் அந்தக் கண்ட்ரோல்-எஸ் யுஎஸ்பி, லினக்ஸ், சிம்எச் எல்லாவற்றையும் தாண்டி பிஎஸ்டியின் கைக்குப் போக வேண்டும். அது போய்ச் சேர்வதற்குள் அடாப்டர் ஏற்கெனவே வாங்கிவைத்ததைக் கொட்டிக்கொண்டே இருக்கும். எஃப்டி232ஆர் சிப்பின் அனுப்பும் தாங்ககம் மட்டுமே 128 பைட். விடி220-இன் தாங்ககம் சுமார் 250 எழுத்து கொள்ளும், அதனால் சமாளித்துவிடும். விடி100 வைத்திருப்பவர்கள் பாடுதான் திண்டாட்டம். அதில் மொத்தமே 64 எழுத்து, 32-இலேயே நிறுத்தச் சொல்லும். மென் உருட்டலை (ஸ்மூத் ஸ்க்ரோல்) அணைத்துத் தாவல் உருட்டலுக்கு (ஜம்ப் ஸ்க்ரோல்) மாற்றுங்கள், அதற்கும் மசியாவிட்டால் வேகத்தை 4800-க்கு இறக்குங்கள். நீளமான கோப்பைத் திரையில் ஓடவிடும்போது நடுவே வரிகள் காணாமல் போனால் காரணம் இதுவே.

இப்போது சிம்எச். ஆப்ட் அடைவில் பிஐடிபி11, அதற்குள் சிஸ்டம்ஸ், அதற்குள் 211பிஎஸ்டி. அங்கே உள்ள பூட்.இனி கோப்பில், பூட் கட்டளைக்கு மேலே இந்த வரி:

அட்டாச் டிஇசட் லைன்=0,கனெக்ட்=/டெவ்/டிடிஒய்யுஎஸ்பி0;9600-8என்1

டிஇசட் என்பது டெக்கின் எட்டு வரி சீரியல் பலகை, டிஇசட்11. கடைசியில் உள்ள 8என்1 என்றால் 8 பிட், பேரிட்டி (பிழை பிடிக்கச் சேர்க்கும் கூடுதல் பிட்) இல்லை, ஒரு ஸ்டாப் பிட். கன்சோலையே டெர்மினலுக்கு மாற்றவும் முடியும், ஆனால் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். சிம்எச்சின் கட்டளைக் குறி பையின் பக்கமே இருக்கட்டும், ஏதாவது தொங்கினால் கண்ட்ரோல்-இ அடித்து மீட்க வசதி.

பிஎஸ்டி எழும்போது சாதனங்களை ஒவ்வொன்றாகச் சொல்லும். டிஇசட் வரி 'அட்டாச்டு' என்று முடிந்தால் கர்னல் அதைக் கண்டுகொண்டது. பிறகு இடிசி அடைவின் டிடிஒய்எஸ் கோப்பில் டிடிஒய்00 வரியைப் பிடித்து, வேகத்தை எஸ்டிடி.9600 என்றும், வகையை விடி100 என்றும், 'ஆஃப்' என்பதை 'ஆன்' என்றும் மாற்றி, அந்தக் கோப்பை மறுபடி படிக்கச் சொல்ல 'கில் -1 1' கொடுங்கள். டெர்மினலில் ரிட்டர்ன் தட்டினால் லாகின் வரும்.

பாதி எழுத்து சரியாகவும் பாதி கிறுக்கலாகவும் வந்தால் வேகத்தில் கோளாறு இல்லை, பேரிட்டி இடிக்கிறது. பழைய யூனிக்ஸுக்கு 7 பிட், ஈவன் பேரிட்டி என்று பேசுவது வழக்கம். செட்-அப்பில் அப்படி மாற்றிப் பாருங்கள். முழுதும் கிறுக்கல் என்றால்தான் வேகத்தைச் சந்தேகிக்க வேண்டும்.

பிரிண்டருக்கென்று இரண்டாவது அடாப்டர் செருகும் நாளில் இன்னொரு தொல்லை வரும்: மறுமுறை இயக்கும்போது டிடிஒய்யுஎஸ்பி0-வும் 1-உம் இடம் மாறிக்கொள்ளும், பிரிண்டருக்குப் போக வேண்டியது டெர்மினலுக்குப் போகும். எஃப்டிடிஐ நல்லது என்றது இதற்காகத்தான். அதில் பொதுவாக ஒவ்வொரு சிப்புக்கும் தனி வரிசை எண் உண்டு. அந்த எண்ணை வைத்து, லினக்ஸில் சாதனங்களுக்குப் பெயர் வைக்கும் யுடெவ்வில் ஒரு வரி விதி எழுதி, /டெவ்/விடி220 என்று நிலையான பெயர் கொடுத்துவிடலாம். சிஎச்340 அடாப்டர்களில் வழக்கமாக அந்த எண் இருக்காது. செருகிய யுஎஸ்பி துளையை வைத்துத்தான் பெயர் கொடுக்க வேண்டும், துளை மாறினால் பெயரும் போச்சு.

ஆனால் ஏஎஸ்ஆர்-33 டெலிடைப் (காகிதத்தில் அச்சடிக்கும் பழைய டெர்மினல்) வைத்திருப்பவர்களுக்குச் சிஎச்340-தான் கைகொடுக்கும். அந்த இயந்திரத்தின் வேகம் 110 பாட், நொடிக்குப் பத்து எழுத்து. எஃப்டி232ஆர் 300-க்குக் கீழே இறங்குவதாக அதன் தரவுத்தாள் சொல்லவில்லை, சிஎச்340 50 வரை இறங்கும். டெலிடைப் வோல்ட்டால் அல்ல, மின்னோட்டத்தால் பேசுவதால் இடையில் 20 மில்லி ஆம்பியர் கரண்ட் லூப் மாற்றி ஒன்று கட்டாயம், அட்டாச் வரியில் 110-8என்2. டிடிஒய்எஸ் கோப்பில் எஸ்டிடி.110 போடுங்கள். டெலிடைப்பில் பெரிய எழுத்து மட்டுமே உண்டு என்று அந்த அமைப்புக்குத் தெரியும், வண்டி இடது ஓரத்துக்குத் திரும்பும் நேரத்துக்கும் அதிலேயே இடைவெளி விட்டிருக்கிறார்கள்.