வெப்கேமில் ஒரு கன்னம் நீலம், ஒரு கன்னம் ஆரஞ்சு: சரிசெய்வது எப்படி?

இலங்கையில் ஹட்டன் பக்கம் மழைமூட்டமான ஒரு காலையில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஸூமில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். “டீச்சர், சுகமில்லையா?” என்று ஒரு பிள்ளை கேட்டது. திரையைப் பார்த்தால் ஒரு கன்னம் நீலம், மறு கன்னம் ஆரஞ்சு. கேமரா பழுதாகவில்லை. ஒரு பக்கம் மூட்டத்து வெளிச்சம், மறுபக்கம் குண்டு பல்ப், அவ்வளவுதான்.

கேமராவுக்குள் ஒளியை உணரும் சில்லான சென்சருக்கு நிறம் தெரியாது. விழுகிற ஒளி எவ்வளவு என்றுதான் அளக்கும். அதனால் ஒவ்வொரு பிக்சல் மேலும் ஒரு வண்ண வடிகட்டி இருக்கும். நான்கு பிக்சலுக்கு இரண்டு பச்சை, ஒரு சிவப்பு, ஒரு நீலம். கோடாக்கில் வேலைசெய்த பிரைஸ் பேயர் 1976இல் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. ஒவ்வொரு பிக்சலிலும் இல்லாத மற்ற இரண்டு நிறங்களையும் பக்கத்துப் பிக்சல்களைப் பார்த்து கேமரா கணக்குப் போடும்.

வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வின் என்ற அலகில் சொல்வார்கள். குண்டு பல்ப் சுமார் 2700 கெல்வின், சிவப்பு தூக்கல். மூட்டமான வானம் 6500க்கு மேல், நீலம் தூக்கல். நம் கண் இதைப் பொருட்படுத்தாது. கேமராவோ சிவப்பையும் நீலத்தையும் கூட்டிக் குறைத்து வெள்ளையை வெள்ளையாக்கப் பார்க்கும். அதுதான் வைட் பேலன்ஸ். ஆட்டோவில் விட்டால், காட்சியின் நிறங்களெல்லாம் சேர்ந்து சாம்பலாக வரவேண்டும் என்று பல கேமராக்கள் ஊகிக்கும். பின்னால் ஜன்னல் நிறையத் தேயிலை மலை இருந்தால் கேட்கவா வேண்டும்? பச்சையெல்லாம் விளக்கின் குறை என்று நினைத்து, முகத்தில் ரோஸ் பூசிவிடும்!

சரி, வேலைக்கு வருவோம்.

1. ஒரே வெளிச்சம் வையுங்கள். பல்பை அணையுங்கள், இல்லாவிட்டால் திரைச்சீலையை மூடுங்கள். இரண்டு வெளிச்சத்தை எந்த செட்டிங்காலும் சமாளிக்க முடியாது. பாதிப் பிரச்சினை இதிலேயே தீர்ந்துவிடும்.

2. ஓபிஎஸ் போன்ற மென்பொருளில் கேமரா செட்டிங்கைத் திறந்து, முதலில் எக்ஸ்போஷரை, அதாவது கேமரா எடுத்துக்கொள்ளும் ஒளியின் அளவைக் குறையுங்கள். நெற்றி வெளுத்துப்போனால் அங்கே நிறம் மீளாது.

3. வைட் பேலன்ஸில் ஆட்டோவை எடுத்துவிடுங்கள். முகத்துக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடியுங்கள். தாள் நீலமடித்தால் கெல்வின் எண்ணைக் கூட்டுங்கள், மஞ்சளடித்தால் குறையுங்கள். வெளிச்சம் எவ்வளவு நீலம் என்று அந்த எண்ணால் கேமராவுக்குச் சொல்கிறீர்கள், அது அதற்கு ஈடுகட்டும். அவசரப்படாமல் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துங்கள்.

4. திரையில் பட்டைகள் ஓடினால் பவர்லைன் அலைவெண்ணை 50 ஹெர்ட்ஸில் வையுங்கள். இலங்கை மின்சாரம் அதுதான்.

இவ்வளவு செய்தும் உதடு வெளிறித் தெரிந்தால் பல்பைச் சந்தேகப்படுங்கள். மலிவான எல்இடி பலவற்றில் ஆழ்ந்த சிவப்பு குறைவு. விளக்கில் இல்லாத நிறத்தைச் சென்சர் எங்கே போய்த் தேடும்? வாங்கும்போது பெட்டியில் சிஆர்ஐ (நிறங்களை விளக்கு எவ்வளவு இயல்பாகக் காட்டும் என்ற அளவு) 90 அல்லது அதற்கு மேல் என்று இருக்கிறதா பாருங்கள்.

ஒரு தொல்லை மட்டும் உண்டு. மூட்டம் விலகி வெயில் வந்தால் எண்ணை மறுபடி மாற்றவேண்டும். பாடத்தின் நடுவே நான் தாளைத் தூக்கினாலே போதும், “டீச்சர், அங்க வெயில் வந்திருச்சா?” என்று பிள்ளைகள் கேட்கிறார்கள்.